தோசைக்கல் யார் கையில?

பி1, பி2, பி3... இந்த மூணு பேரையும் உங்களுக்கு நல்லாவே தெரியும். ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல வருஷம் தவறாம வந்து நிப்பாங்க. பி1-க்கு பர்ஸ்ட் டைம் 24, பி2-க்கு 3, பி3-க்கு 3. கான்ட் சார்ட் போடு, ஆவரேஜ் வெயிட்டிங் டைம் கண்டுபிடி, 13 மார்க் வாங்கு, பேனாவை மூடு!

வந்த வரிசையில விட்டா சராசரி காத்திருப்பு 17. சின்ன ஆளுங்களை முன்னாடி விட்டா வெறும் 3. 'ஆகவே எஸ்ஜேஎஃப் சிறந்தது'ன்னு அண்டர்லைன் பண்ணிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். எல்லாம் சரி பாஸ், நிஜ கம்ப்யூட்டர்ல எந்த ப்ராசஸ் நெத்தியில 'எனக்கு 24 மில்லிசெகண்ட் வேணும்'னு எழுதி ஒட்டிக்கிட்டு வருது? உங்க பிரவுசருக்கே தெரியாது அது அடுத்து எவ்வளவு நேரம் ஓடப்போகுதுன்னு. புத்தகத்துல எஃப்சிஎஃப்எஸ், எஸ்ஜேஎஃப், ரவுண்ட் ராபின்னு வரிசையா அடுக்கி 'ஒப்பிடுக'ன்னு கேக்குறாங்களே... உங்க லேப்டாப்ல இப்போ ஓடிட்டிருக்குறது அதுல எது? அதை யார் தேர்ந்தெடுத்தாங்க? பிடிக்கலைன்னா மாத்திக்கலாமா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு லினக்ஸ் உலகம் பதில் சொல்ல எடுத்துக்கிட்ட காலம் சுமார் இருபது வருஷம். நடுவுல ஒரு டாக்டர் வந்தார், சண்டை போட்டார், கோவிச்சுக்கிட்டுப் போனார், திரும்ப வந்தார். அந்தக் கதையைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு மாசமா சுத்திட்டிருக்கேன். நான் இ.இ.இ பொண்ணு. ஓப்பன் எலெக்டிவ்ல போய் உக்காந்த பேப்பர் இது. 'ட்ரான்ஸ்ஃபார்மர் படிக்கிற பிள்ளைக்கு கெர்னல் எதுக்கு?'ன்னு என்னைக் கேக்காத ஆள் இல்லை. ஏன் இதை முன்கூட்டியே சொல்றேன்னு போகப் போகப் புரியும்.

முதல்ல ஷெட்யூலர்னா என்னன்னு ஒரு தடவை சுத்தமா பார்த்துடலாம். எங்க ஹாஸ்டல் மெஸ்ல ஒரே ஒரு தோசைக்கல். அதுக்குப் பின்னாடி ஒரு அக்கா. எதிர்ல நாப்பது தட்டு. இப்போ முதல் ஆளா நிக்கிறவ ரூமுக்கே சேர்த்து 24 தோசை கேக்குறான்னு வைங்க. பின்னாடி ரெண்டு பேர் ஆளுக்கு மூணு தோசை கேட்டு நிக்கிறாங்க, ஒருத்திக்கு எட்டரை மணிக்கு இன்டெர்னல். அக்கா யாருக்கு ஊத்துவாங்க? அந்த முடிவை எடுக்குற ஆள்தான் ஷெட்யூலர். கல்லு சிபியு. தட்டு ப்ராசஸ். ஒருத்திக்கு ரெண்டு ஊத்திட்டு அடுத்தவளுக்கு மாறினா எல்லாருக்கும் சீக்கிரம் கொஞ்சமாவது கிடைக்கும். ஆனா ஒவ்வொரு தடவை மாறும்போதும் 'உனக்கு நெய்யா எண்ணெயா, வெங்காயமா வெறுமனேவா'ன்னு புதுசா கேக்கணும் இல்லையா? அந்த நேரம் தண்டம். அதுக்குப் பேர் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். அடிக்கடி மாறினா தண்டம் ஏறும், மாறாம விட்டா பசி ஏறும். ஷெட்யூலர்களோட மொத்த சண்டையும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

இதுல சுவாரஸ்யமான விஷயம், நிறைய பேர் தட்டை நீட்டிட்டு நிக்கிறதே இல்லை. தூங்கிட்டிருப்பாங்க. நீங்க கீபோர்டுல ஒரு எழுத்து தட்டினாத்தான் எடிட்டர் எழுந்து வரும், ஒரு துளி நேரம் வேலை பார்த்துட்டு மறுபடி தூங்கிடும். ஆனா அந்த ஒரு துளியை உடனே கொடுக்கணும். ஒரு நொடி லேட்டானாலும் உங்களுக்குத் தெரிஞ்சுடும், மௌஸை மேஜையில தட்டுவீங்க. அதே சமயம் பின்னாடி வீடியோ கன்வெர்ட் பண்ற ப்ராசஸ், ஒரு நொடி தாமதமானா கவலையே படாது. மொத்தமா எவ்வளவு கிடைக்குதுங்கிறதுதான் அதோட கணக்கு.

பழைய லினக்ஸ், அதாவது 2.4 வரைக்கும், ரொம்ப அப்பாவி. அடுத்து யாருன்னு முடிவு பண்ணணும்னா ஓடத் தயாரா நிக்கிற ஒவ்வொருத்தரையும் போய்ப் பார்த்து மார்க் போட்டு, அதிக மார்க் வாங்கினவரைக் கூப்பிடும். பத்து பேர் இருந்தா பரவாயில்லை. ஆயிரம் பேர் இருந்தா மார்க் போடுறதுக்கே நேரம் போயிடும். ஹங்கேரிக்காரர் இங்கோ மோல்நார் இதை உடைச்சு, 2.6-க்காக ஓ-ஒன் ஷெட்யூலர்னு ஒண்ணு எழுதினார். 140 முன்னுரிமை வரிசை, எந்த வரிசையில ஆள் இருக்குன்னு காட்ட ஒரு பிட்மேப். பத்து பேரோ பத்தாயிரம் பேரோ, தேர்ந்தெடுக்க ஆகுற நேரம் ஒண்ணுதான். சர்வர் கம்பெனிகளுக்கு செம குஷி.

ஆனா வீட்டு கம்ப்யூட்டர்ல? யார் நிறைய நேரம் தூங்குறாங்களோ அவங்கதான் மனுஷனோட பேசுற ப்ராசஸ்னு அது யூகம் பண்ணிச்சு. தூக்கத்துக்கு போனஸ் மார்க்! யூகம் சரியா இருந்தா சூப்பர். தப்பினா பாட்டு திக்கும், விண்டோவை இழுத்தா ஜவ்வா வரும். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு ஒட்டு போட, அந்த ஒட்டுக்கு இன்னொரு ஒட்டு போடன்னு கோட் முழுக்க யூகங்கள்.

இந்த இடத்துலதான் நம்ம டாக்டர் என்ட்ரி. பேர் கான் கோலிவாஸ். ஊர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். வேலை... மயக்க மருந்து நிபுணர்! ஆமாங்க, ஆபரேஷன் தியேட்டர்ல மனுஷங்களைத் தூங்க வைக்கிறவர். தூங்குற ப்ராசஸை எப்படிச் சரியா எழுப்புறதுன்னு யோசிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாங்களா, சொல்லுங்க? கம்ப்யூட்டர் டிகிரி கிடையாது. சம்பளம் கிடையாது. பகல்ல ஆஸ்பத்திரி, மிச்ச நேரத்துல கெர்னல். 'சிகே' பேட்ச்னு அவர் இனிஷியல்ல வந்த தொகுப்பை டெஸ்க்டாப் லினக்ஸ் பசங்க கொண்டாடினாங்க. சும்மா 'ஸ்மூத்தா இருக்கு'ன்னு சொன்னா கெர்னல்காரங்க சிரிப்பாங்கன்னு தெரிஞ்சு, அதை அளக்குறதுக்கே கான்டெஸ்ட், இன்டர்பெஞ்ச்னு டூல் எழுதினார். எனக்கு அந்த ஆள் மேல மரியாதை வந்த இடம் அதுதான். புகார் சொல்றது ஈஸி, புகாரை நம்பரா மாத்துறது கஷ்டம்.

2004-ல அவர் ஒரு யோசனையோட வந்தார். ப்ளக்ஸ்கெட். கெர்னலுக்குள்ள ஷெட்யூலரைக் கழட்டி மாட்டுற மாதிரி ஒரு சாக்கெட் வைப்போம். டெஸ்க்டாப்காரங்களுக்கு ஒண்ணு, சர்வர்காரங்களுக்கு ஒண்ணு. பூட் ஆகும்போது எது வேணும்னு சொல்லுங்க, அது ஏறும். பிற்பாடு பீட்டர் வில்லியம்ஸ்னு ஒருத்தர் அதை எடுத்துப் பல வருஷம் பராமரிச்சார்.

நியாயமான யோசனைதானே? உலகத்துல இல்லாததும் இல்லை. சோலாரிஸ்ல ஷெட்யூலிங் கிளாஸ்களை மாட்யூலா ஏத்தலாம், ஒரு ப்ராசஸை ஒரு கிளாஸ்லேர்ந்து இன்னொண்ணுக்கு கமாண்ட் போட்டு மாத்தலாம். ஃப்ரீபிஎஸ்டியில பழைய 4பிஎஸ்டி, புது யூஎல்இன்னு ரெண்டு ஷெட்யூலர்ல எது வேணும்னு கெர்னலைக் கம்பைல் பண்ணும்போது ஒரு வரியில சொல்லிடலாம். அவ்வளவு ஏன், லினக்ஸ்லயே ஹார்டு டிஸ்க்குக்கு ஐ-ஓ ஷெட்யூலர்னு தனியா உண்டு. நூப், டெட்லைன், ஆன்டிசிபேட்டரி, சிஎஃப்க்யூன்னு அந்தக் காலத்துல நாலு வகை. மெஷின் ஓடிட்டிருக்கும்போதே ஒரு ஃபைல்ல பேரை எழுதினா மாறிடும். டிஸ்க்குக்கு ஓகே, சிபியுவுக்குக் கூடாதா?

கூடாதுன்னாங்க. இங்கோவும் சொன்னார், லினஸ் டோர்வால்ட்ஸும் சொன்னார். அவங்க வாதத்தோட சாரம் இது: பத்து ஷெட்யூலர் இருந்தா யாருக்காவது ஒரு பிரச்னைன்னா 'நீ அடுத்ததை மாட்டிப் பாரு'ன்னு சொல்லிடுவாங்க. எதுவும் முழுசா திருந்தாது. ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் எல்லா வலியும் ஒரே இடத்துக்கு வரும், அது உருப்படும்.

கேட்ட உடனே எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்புறம் எங்க லேப்பை நினைச்சுப் பார்த்தேன். முப்பது கம்ப்யூட்டர், அதுல ஆறு ஓடாது. 'அதை விடு, இதுல உக்காரு'ன்னு சொல்லிச் சொல்லியே அந்த ஆறும் மூணு செமஸ்டரா செத்துக் கிடக்குது. ஓடுறது ஒண்ணே ஒண்ணா இருந்திருந்தா அன்னிக்கே ஆள் வந்திருப்பாங்க. ஆக, அந்த வாதத்துல பாயின்ட் இருக்கு. ஆனா அதுக்குள்ள இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்னா, அது யாரோடது? யார் சொன்னா அதுல மாற்றம் நடக்கும்?

2007-ல அந்தக் கேள்வி வெடிச்சுது. மார்ச்சில் கான் ஒரு புது ஷெட்யூலரைக் கொண்டுவந்தார். ஆர்எஸ்டிஎல், பிற்பாடு சுருக்கமா எஸ்டி. யூகமெல்லாம் வேண்டாம், யாருக்கும் போனஸ் மார்க் வேண்டாம், எல்லாருக்கும் நேர்மையா பங்கு பிரிச்சுக் கொடுத்தாலே டெஸ்க்டாப் ஸ்மூத்தா இருக்கும்... இதுதான் அடிப்படை. பலர் ஓட்டிப் பார்த்து ஆஹான்னாங்க. மெயின் கெர்னலுக்குள்ளயே போயிடும்ங்கிற பேச்சும் வந்துச்சு.

ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை ராத்திரி. இங்கோ மோல்நார் ஒரு புது ஷெட்யூலரை வெளியிடுறார். பேர் சிஎஃப்எஸ், முழுக்க நியாயமான ஷெட்யூலர்னு அர்த்தம். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் வரி எழுதினேன், 62 மணி நேரத்துல முடிச்சேன்னு அவரே குறிப்பு போட்டார். நியாயமான பங்கீடு வேலைக்கு ஆகும்னு நிரூபிச்சது கான்தான்னு அந்தக் குறிப்புலயே நன்றியும் சொல்லியிருந்தார். நன்றி சொன்னார், கோடை எடுத்துக்கலை. யோசனையை ஏத்துக்கிட்டாங்க, யோசிச்சவரோட ஷெட்யூலர் வெளியில நின்னுச்சு. 2.6.23 கெர்னல், 2007 அக்டோபர், சிஎஃப்எஸ் உள்ளே. அதுக்கு முன்னாடியே, ஜூலையில, கான் கெர்னல் வேலைக்கே முழுக்குப் போட்டுட்டார்.

நான் இதைப் படிச்ச ராத்திரி தூங்கலை. மிகையா சொல்லலை! செமினார்ல நீங்க சொன்ன ஐடியாவை டிபார்ட்மென்ட் டாப்பர் வாரக் கடைசியில அழகா செஞ்சு முடிச்சு, முதல் ஸ்லைடுல உங்க பேருக்கு ஒரு தேங்க்ஸ் போட்டா எப்படி இருக்கும்? அதான்.

லினஸ் தரப்பையும் சொல்லணும், இல்லைன்னா நியாயமில்லை. கோடு எது அழகுங்கிறதைவிட, நாளைக்கு ஒருத்தர் 'என் மெஷின்ல ஓடலை'ன்னு வந்து நின்னா யார் பொறுமையா கேட்டுத் திருத்துவாங்கங்கிறதுதான் எனக்கு முக்கியம், அந்த நம்பிக்கை இங்கோ மேல இருக்குன்னார். கான் புகார் சொல்றவங்களோட வாதாடுறார்னும் குறைபட்டார். வருஷக்கணக்கா ஓசியில உழைச்ச ஒருத்தர் சில நேரம் சுள்ளுன்னு பேசியிருந்தா அது பெரிய குத்தமா? எனக்குத் தோணலை. கோடிக்கணக்கான மெஷின்ல ஓடுற ஒண்ணை யாரை நம்பி ஒப்படைக்கிறதுன்னு யோசிக்கிறது தப்பா? அதுவும் தோணலை. ரெண்டு பக்கமும் மண்டையை ஆட்டிட்டு உக்காந்திருக்கேன், நீங்க சொல்லுங்க.

சிஎஃப்எஸ் எப்படி வேலை செய்யுதுங்கிறது மட்டும் கொள்ளை அழகு. மெஸ் அக்கா கையில ஒரு நோட்டு. யார் யார் இதுவரை எவ்வளவு நேரம் கல்லைப் பிடிச்சிருந்தாங்கன்னு அதுல குறிச்சுக்கிட்டே வர்றாங்க. அடுத்து யாரு? நோட்டுல யார் கணக்கு கம்மியோ அவங்க. முடிஞ்சது! அந்த நோட்டை வேகமாப் புரட்ட ரெட்-பிளாக் ட்ரீ. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல நாம கலர் பென்சில் வெச்சு வரைஞ்சு நொந்தோமே, அதே மரம்தான். அதோட இடது ஓரத்துல இருக்குறவர்தான் அடுத்த ஆள். உங்களுக்கு அவசரம் இல்லைன்னா 'நைஸ்' மதிப்பைக் கூட்டிக்கலாம். அப்போ உங்க கணக்கு மட்டும் நோட்டுல வேகமா ஓடும். ஒரு படி நைஸ் வித்தியாசம்னா வெயிட்ல சுமார் 1.25 மடங்கு வித்தியாசம். தூங்கிட்டு வர்றவர் கணக்கு இயல்பாவே கம்மியா இருக்கும், அதனால எழுந்த உடனே அவருக்கு வாய்ப்பு. போனஸ் மார்க்கே தேவையில்லை. கான் சொன்னது இதைத்தானே!

சரி, போனவர் போனாரா? 2009-ல திரும்ப வந்தார், பிஎஃப்எஸ்னு ஒரு புது ஷெட்யூலரோட. அதுல 'எஃப்'க்கு விரிவாக்கம் கேக்காதீங்க, இந்தப் பத்திரிகையை வீட்ல அம்மாவும் படிப்பாங்க. எல்லா கோருக்கும் சேர்த்து ஒரே ஒரு வரிசை, அவ்வளவு எளிமை. 'இது வீட்டு மெஷினுக்கு, பெரிய இரும்புக்கு இல்லை'ன்னு அவரே போர்டு மாட்டிட்டார். உள்ளே சேர்த்துக்கோங்கன்னு யாரையும் கேக்கவும் இல்லை. வேணும்கிறவங்க எடுத்துக்கோங்க! அப்போ ஆண்ட்ராய்டு போன்ல ராம் மாத்தி விளையாடுற பசங்க நடுவுல அது நல்லாப் பரவுச்சு. 2016-ல அதையே கோருக்கு ஒரு வரிசையா பிரிச்சு மக்ஸ்னு எழுதினார். 2021-ல அதையும் நிறுத்திட்டார். நடுவுல பிட்காயின் தோண்டுற சிஜிமைனர் சாஃப்ட்வேரை எழுதினதும் இதே டாக்டர்தான்னா நம்புவீங்களா? எனக்கு ஒரு மினி ப்ராஜெக்ட் முடிக்கவே நாக்கு தள்ளுது.

இந்த இடைவெளியில உலகம் மாறிடுச்சு. ஒரே ஷெட்யூலர் எல்லாருக்கும் போதும்னு சொன்ன காலத்துல 'எல்லாரும்'கிறதுக்கு அர்த்தம் சர்வர், பிசி அவ்வளவுதான். இப்போ போன்ல நாலு பலசாலி கோர், நாலு சோம்பேறி கோர், பேட்டரியை வேற காப்பாத்தணும். டேட்டா சென்டர்ல ஒரே மெஷின்ல நூத்துக்கும் மேல கோர். 2016-ல ஒரு ஆராய்ச்சிக் குழு, பத்து வருஷமா வீணாப்போன கோர்கள்னு அர்த்தம் வர்ற தலைப்புல ஒரு பேப்பரே போட்டுச்சு. ஒரு பக்கம் ப்ராசஸ் கியூவில நிக்குது, இன்னொரு பக்கம் கோர் சும்மா ஈ ஓட்டுது, இதைக் கவனிக்காம விட்டிருக்கீங்களேன்னு நாலு பக்கைக் கையும் களவுமா பிடிச்சாங்க. கூகுள் 2021-ல கோஸ்ட்னு ஒரு ஏற்பாட்டை வெளியிட்டு, முடிவெடுக்குற வேலையையே கெர்னலுக்கு வெளியில கொண்டுபோய் வெச்சது. டீஃபால்ட் ஷெட்யூலரும் சும்மா இருக்கலை. 2023-ல வந்த 6.6 கெர்னல்ல சிஎஃப்எஸ்ஸோட தேர்வு முறையை மாத்தி ஈஈவிடிஎஃப்னு ஒண்ணு வந்தது. அது 1995-லயே ரெண்டு பேர் பேப்பரா எழுதி வெச்ச அல்காரிதம். பழைய பேப்பர் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க!

அப்புறம்தான் கிளைமாக்ஸ். 2022 நவம்பர்ல டேஜுன் ஹியோ, டேவிட் வெர்னெட் உள்ளிட்ட மெட்டா ஆட்கள் ஸ்கெட்-எக்ஸ்ட்னு ஒரு பேட்சை நீட்டினாங்க. கூகுள் ஆட்களும் கூட நின்னாங்க. ஷெட்யூலரை பிபிஎஃப் ப்ரோகிராமா எழுதுங்க, ஓடிட்டிருக்குற கெர்னல்ல அப்படியே ஏத்துங்க, ரீபூட் வேண்டாம், பிடிக்கலைன்னா இறக்கிடுங்க. அட, இது நம்ம பழைய சாக்கெட் ஆச்சே!

பழைய எதிர்ப்பும் அப்படியே வந்துச்சு. ஷெட்யூலர் பராமரிப்பாளர்கள்ல ஒருத்தரான பீட்டர் ஸெய்ல்ஸ்ட்ரா முடியவே முடியாதுன்னார். ஆளாளுக்கு ஒண்ணு வெச்சுக்கிட்டா பொதுவானதை யார் திருத்துவாங்கங்கிற அதே கவலை. ஒன்றரை வருஷம் இழுபறி. கடைசியில 2024 ஜூன்ல லினஸ், 'இதுக்கு மேல இழுக்குறதுல அர்த்தமில்லை, நான் சேர்த்துக்கிறேன்'ங்கிற மாதிரி சொல்லிட்டார். அதே லினஸ்! 2024 நவம்பர்ல வந்த 6.12 கெர்னல்ல ஸ்கெட்-எக்ஸ்ட் உள்ளே.

2004-ல முடியாதது 2024-ல எப்படி முடிஞ்சுது? பெரிய கம்பெனி கேட்டா கதவு திறக்கும்னு சொல்லலாம், அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனா அது மட்டும் இல்லை. பழைய சாக்கெட்ல நீங்க மாட்டின ஷெட்யூலர்ல ஒரு ஓட்டை இருந்தா மெஷினே ஹோகயா. இதுல அப்படி இல்லை. ஏத்துறதுக்கு முன்னாடியே வெரிஃபையர்னு ஒருத்தர் உங்க கோடை வரி வரியா பார்த்து, கண்ட மெமரியைத் தொடுற மாதிரி இருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவார். அவரைத் தாண்டியும் உங்க லாஜிக் மக்கா இருக்கலாம் இல்லையா? யாரையாவது பட்டினி போடலாம். அதுக்கு ஒரு வாட்ச்டாக். ஓடத் தயாரா இருக்குற எந்த ப்ராசஸாவது அதிகபட்சம் 30 விநாடிக்கு மேல காத்திருந்தா, உங்க ஷெட்யூலரை உதைச்சு வெளியில தள்ளிட்டு எல்லாரையும் பழையபடி டீஃபால்ட்கிட்ட ஒப்படைச்சுடும். புது மாஸ்டர் கல்லைப் பிடிக்கலாம், ஆனா பழைய அக்கா பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காங்கன்னு வைங்களேன்.

என் லேப்டாப் அண்ணன்கிட்டேர்ந்து வந்தது, நாலு கோர். 6.12-க்கு அப்புறம் வந்த கெர்னல் ஒண்ணைப் போட்டேன். கெர்னல் சோர்ஸ்லயே டூல்ஸ் ஃபோல்டருக்குள்ள குட்டிக் குட்டி சாம்பிள் ஷெட்யூலர்கள் இருக்கு. சிம்பிள்னு ஒண்ணு, பேருக்கேத்த மாதிரியே. சி தெரிஞ்ச யாரும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சுடலாம். ஒரு ப்ராசஸ் எழுந்தா எந்த கோருக்கு அனுப்பணும், எந்த வரிசையில போடணும், கோர் காலியானா யாரை எடுக்கணும்... இப்படி சில ஃபங்ஷன். அதுலயும் எழுதாம விட்டதை கெர்னலே பார்த்துக்கும். ஏத்தினேன். ஒண்ணும் ஆகலை. ஸ்க்ரீன் கூட சிமிட்டலை! ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தா 'எனேபிள்ட்'னு இருக்கு. அந்த நொடி என் மெஷின்ல ஓடுற ஒவ்வொரு ப்ராசஸையும் ஆட்டி வைக்கிறது நான் ஏத்தின நூத்துச் சொச்சம் வரி. புல்லரிச்சுப் போச்சு பாஸ். கன்ட்ரோல்-சி தட்டினேன், பழைய நிலைமை.

அடுத்து க்யூமேப்னு இன்னொரு சாம்பிள். இதுல ஒரு ஆப்ஷன் இருக்கு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருதரம் வர்ற த்ரெட்டை வேணும்னே பட்டினி போடும், வாட்ச்டாக் நிஜமாவே கடிக்குதான்னு சோதிக்க. விடுவேனா? போட்டேன். சில விநாடி எல்லாம் விறைச்சு நின்னுச்சு, மௌஸ் மட்டும் முறைச்சுப் பார்த்துது. பட்டுன்னு விடுபட்டுச்சு. லாக்ல இன்ன த்ரெட் காத்துக் கிடந்தது, அதனால வெளியேத்திட்டேன்னு ஒரு வரி. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரூம்மேட்டுக்குக் காமிச்சேன். 'சாப்பிட வர்றியா இல்லையா?'ன்னா.

மூணாவது, லாவ்டி. ஸ்டீம் டெக்னு கையடக்க கேம் மெஷின் இருக்கே, அதுல கேம் திக்காம ஓடணும்னு இகாலியா கம்பெனியில இருக்குற சாங்வூ மின் எழுதினது. பின்னாடி 16 ஜாப் போட்டு கெர்னல் கம்பைல், முன்னாடி ஒரு பாட்டு வீடியோ. டீஃபால்ட்ல வீடியோ அங்கங்க இடறுச்சு. லாவ்டியில இடறலை, கம்பைல் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கிச்சு. ஒரு லேப்டாப்பை வெச்சுத் தீர்ப்பு எழுதிடாதீங்க, நானும் எழுதலை. வேடிக்கை என்னன்னா, விளையாட்டு மெஷினுக்கு எழுதின இந்த லாவ்டியைத் தன் சர்வர்கள்ல பயன்படுத்துற அனுபவத்தை மெட்டா 2025 டிசம்பர்ல லினக்ஸ் ப்ளம்பர்ஸ் மாநாட்டுல பேசினாங்க. டெஸ்க்டாப்புக்கு ஒண்ணு, சர்வருக்கு ஒண்ணுன்னு பிரிச்சாங்களே, அந்தக் கோடும் அழிஞ்சு போச்சு!

இதையெல்லாம் வெச்சு ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஒரு ப்ரொபோசல் எழுதியிருக்கேன். லேப்ல மோட்டார் கன்ட்ரோல் போர்டோட பேசுற லினக்ஸ் மெஷின்ல, அந்தப் பேச்சுக்கு மட்டும் முன்னுரிமை கொடுக்குற ஒரு சின்ன ஷெட்யூலர். கல்லு நம்ம கையில, அக்கா ஸ்டூல்ல. ரிஅல்-டைம் கிளாஸ் ஏற்கெனவே இருக்கே, அதுல போட்டா போதாதான்னு கைடு கேட்டாங்க. அது சரியான கேள்வி. ரெண்டையும் அளந்து வெச்சுக்கிட்டுத்தான் பேசணும். அதுக்கு முதல்ல இன்டர்பெஞ்ச் மாதிரி ஒண்ணு என் போர்டுக்கு எழுதணும், பாதி எழுதியாச்சு. இன்னொரு பேனல் மெம்பர் பேப்பரைப் புரட்டிட்டு, 'இது சி.எஸ் டிபார்ட்மென்ட் வேலை இல்லையாம்மா?'ன்னார். மெல்போர்ன் டாக்டர் கதையை அங்கேயே ஆரம்பிச்சேன். பெல் அடிச்சிடுச்சு. வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க.